இரண்டு கிராம் உப்பும் ஒரு தெருக் கிணறும்

அப்பு,

உன் கார்டு நேற்று வந்தது. வேலை பிடித்திருக்கிறது, மெஸ் சாப்பாடு பிடிக்கவில்லை, மாணவர்கள் "சார்" என்று கூப்பிட்டால் வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்க்கிறாய். இதையெல்லாம் உன் அம்மா சத்தம்போட்டு வாசித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உப்பையும் மணலையும் பிரிக்கும் சோதனை வைத்தாயாம். ஒரு பையன் நூற்றாறு சதவீதம் உப்பு திரும்பக் கிடைத்ததாக எழுதினானாம். சிவப்பு மையில் பெரிய சுழியாகப் போட்டுவிட்டாயாம். "எதுக்கு இம்புட்டுச் சிரிப்பு?" என்று உன் அம்மா கேட்டாள். "உன் மகன் ஒரே வாரத்துல ஹெட்மாஸ்டர் ஆயிட்டான்" என்றேன். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. அவளும் சிரித்தாள். உனக்குத்தான் புரியாது, அப்போது உனக்கு நாலு வயது. அதனால் இந்தக் கடிதம் எழுதுகிறேன். எனக்கு இன்னும் தலை முழுக்க நரைக்கவில்லை, புத்திமதி சொல்லும் கிழவனாகும் உத்தேசமும் இல்லை. இதைப் புத்திமதி என்று எடுத்துக்கொள்ளாதே. அப்பன் மகனிடம் போடும் சண்டை என்று வைத்துக்கொள்.

நீ படித்தவன், சோதனையை உனக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் உன் அம்மா வாசித்துப் பார்க்காமல் உறையை ஒட்ட விடமாட்டாள், அவளுக்காகச் சொல்கிறேன். மாணவனிடம் இரண்டு கிராம் உப்பை மணலோடு கலந்து கொடுப்போம். அவன் தண்ணீர் ஊற்றி உப்பைக் கரைப்பான். வடிதாளில் வடிகட்டுவான், மணல் மேலே தங்கிவிடும். அந்த மணலில் உப்பு ஒட்டிக்கொண்டிருக்கும் என்று இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, அதையும் சேர்த்துக்கொள்வான். பிறகு அந்தத் தண்ணீரைப் பீங்கான் கிண்ணத்தில் காய்ச்சி வற்றவிட்டால் உப்பு மிஞ்சும். அதை நிறுத்துப் பார்த்து, கொடுத்ததில் நூற்றுக்கு எத்தனை திரும்பி வந்தது என்று கணக்குப் போட வேண்டும். கீழே "பிழைக்கான காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். தொண்ணூற்றெட்டு வந்தால் மீதி இரண்டு எங்கே போனது என்று அதில் எழுத வேண்டும். வடிதாளில் கொஞ்சம் தங்கியிருக்கலாம், கண்ணாடிக் குச்சியில் ஒட்டியிருக்கலாம், வற்றும் நேரத்தில் பொரிந்து வெளியே தெறித்திருக்கலாம். பெரும்பாலான பையன்கள் "கவனக்குறைவு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கண்டாலே எரிச்சல். அது காரணமே இல்லை. காரணம் தேடச் சோம்பல்பட்டவன் தன் முதுகிலேயே போட்டுக்கொள்ளும் அடி.

நான் அந்தப் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியாராகச் சேர்ந்து இரண்டாம் வருடம். கன்னிவாடிப் பக்கம் தக்காளியும் கத்தரியும் போட்டுக்கொண்டிருந்த குடும்பத்திலிருந்து முதன்முதலாகச் சட்டைப் பையில் பேனா வைத்தவன் என்பதால் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. எங்கள் ஆய்வகம் என்பது பழைய தறிக்கொட்டகை. ஒரே ஒரு ரசாயனத் தராசு, அதற்குக் கண்ணாடிப் பெட்டி, அந்தப் பெட்டிக்கு ஹெட்மாஸ்டர் போட்ட பூட்டு, செய்முறை நாட்களில் மட்டும் சாவி என் கைக்கு வரும். ஜன்னல் வழியாகப் பார்த்தால் மலைக்கோட்டை. அந்த வருடம் மழை இல்லை. காய்ச்சி வடித்த தண்ணீர் தயாரிக்கும் வாலையும் ஓட்டையாகிவிட்டது. பள்ளிக்கூடக் குழாயில் ஆத்தூர்ப் பக்கமிருந்து வரும் நகரசபைத் தண்ணீர் சாயங்காலம்தான் வரும். வகுப்பு நேரத்தில் குழாய் காற்றுத்தான் விடும். ஹெட்மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்தார்: சிக்ஸ்த் பாரம் என்ற கடைசி வகுப்புப் பையன்கள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தார்கள். ரத வீதிப் பையன்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீரை மருந்து பாட்டிலில் கொண்டுவந்தார்கள். தாடிக்கொம்பு ரோட்டுப் பையன்கள் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை எண்ணெய் பாட்டிலில் கொண்டுவந்தார்கள். பேகம்பூருக்கு அந்தப் பக்கம், தோல் மண்டிகளுக்குப் பின்னால் இருந்த தெருப் பையன்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரைச் சோடா பாட்டிலில் கொண்டுவந்தார்கள். தண்ணீர் தண்ணீர்தானே என்று எல்லோரும் நினைத்தோம்.

அந்தத் தெருப் பையன்களில் ஒருவன் சுல்தான் முகைதீன். ஒல்லி, நெட்டை, எதையும் இரண்டு தரம் செய்து பார்க்காமல் விடமாட்டான். மற்றவர்கள் மணலை ஒரு தரம் அலசிவிட்டுக் கிளம்பினால் இவன் நாலைந்து தரம் அலசுவான். "ஏலே, மணலக் குளிப்பாட்டி முடிச்சிட்டியா, பவுடர் போடப் போறியா?" என்று கிண்டல் செய்வார்கள். செலக்‌ஷன் நடக்கும் வாரம் அது. பள்ளிக்கூடம் யாரைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறதோ அவன்தான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை எழுதலாம், செய்முறை மார்க்கும் அதில் சேர்த்தி. ஹெட்மாஸ்டரே வந்து மேசை மேசையாக விடை கேட்டார். அவருக்கு இந்தச் சோதனையில் ஒரு சித்தாந்தம் இருந்தது: நூறு என்றால் ஒழுக்கம், குறைந்தால் கவனக்குறைவு, கூடினால் களவு. ரத வீதிப் பையன் தொண்ணூற்று நாலு என்றான், "பரவால்ல" என்றார். சுல்தான் தெருவிலேயே இருந்த காதர் கச்சிதமாக நூறு என்றான், முதுகில் தட்டிக்கொடுத்தார். காதருக்கே அது நம்ப முடியாத விஷயம். என்னிடம் ரகசியமாக, "சார், பாதி உப்பு பட்டாசு மாதிரி வெடிச்சுத் தரையில கெடக்கு சார். எப்டி சார் நூறு?" என்றான். "பேசாம இரு" என்றேன். பிறகு சுல்தான் முறை.

"எத்தனடா?"

"நூத்தியெட்டு சார்."

"நூத்தியெட்டா? சோதன பண்ணுனியா, கோயில்ல அர்ச்சன பண்ணுனியா?"

வகுப்பே சிரித்தது. சுல்தானும் சேர்ந்து சிரித்துவிட்டான். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"நான் குடுத்தது ரெண்டு கிராம். நீ அதுக்கு மேல திருப்பித் தர்ற. ஒங்க வீட்டுல உப்பு குட்டி போடுதா?"

"தெரியல சார். ஈரமா இருக்குமோன்னு திரும்பத் திரும்பக் காய வெச்சு நிறுத்தேன் சார். எடை எறங்கவே மாட்டேங்குது."

"ஒங்க அத்தா தோல் மண்டியிலதான உப்பு அள்ளுறாரு? பையில கொஞ்சம் போட்டுக் கொண்டாந்தியா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. இதை நீ நன்றாகக் கவனி, அப்பு. தொண்ணூற்று நாலு வந்தவனிடம் மீதி ஆறை உன் அப்பன் கடைக்கா கொண்டுபோனாய் என்று அவர் கேட்கவில்லை. காணாமல் போன உப்புக்கு வடிதாள் பொறுப்பு, கூடுதலாக வந்த உப்புக்கு மண்டிக் கூலிக்காரன் மகன் பொறுப்பு. தராசு எல்லோருக்கும் ஒன்றுதான். அதன் முள் எங்கே நின்றால் யார் எப்படிப்பட்டவன் என்று சொல்லும் அகராதி மட்டும் தெருவுக்குத் தெரு வேறு. ஆனால் அவர் கெட்டவரும் இல்லை. தன் அறைக்குக் கூப்பிட்டு, குரலைத் தணித்து, "சரியாகக் காய வைக்கவில்லைன்னு காரணம் எழுதிட்டுப் போ. நான் கையெழுத்துப் போடுறேன். பரீட்சைக்குப் போயிடலாம். இல்லேன்னா அடுத்த வருசம் பாப்போம்" என்றார். அவருக்கு அது சலுகை. அடுத்த வருடம் என்று ஒன்று அந்தத் தெருவில் கிடையாது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பையன் மறுநாளே மண்டியில் தோலுக்கு உப்புத் தடவிக்கொண்டிருப்பான். இதெல்லாம் சுல்தானுக்குத் தெரியும். இருந்தும் நின்ற இடத்தில் நின்றுகொண்டு, "காய வெச்சதக் காய வெக்கலன்னு எப்டி சார் எழுதுறது?" என்று கேட்டான். எதிர்த்துப் பேசும் குரல் இல்லை அது. நிஜமாகவே எப்படி எழுதுவது என்று தெரியாத குரல். ஹெட்மாஸ்டர், "நாளைக்கு ஒங்க அத்தாவக் கூட்டிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

அன்றைக்குச் சுல்தானின் கிண்ணத்தையும் மிச்சத் தண்ணீர் இருந்த சோடா பாட்டிலையும் யாராவது கொட்டிவிடப் போகிறார்களே என்று என் சைக்கிள் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறேன், உன் அம்மா குழாயடியில் நின்று சண்டை போட்டுவிட்டு நாக்கு வறண்டு வந்தவள், பையில் தண்ணீர் பாட்டிலைப் பார்த்ததும் எடுத்து அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள். அடுத்த நொடி அத்தனையும் முற்றத்தில் பீய்ச்சி அடித்தது. "ஏங்க! ரசத்துக்கு உப்புக் கரைச்சுப் பாட்டில்ல கொண்டாந்தீங்களா?" என்றாள். நீ எனக்கும் எனக்கும் என்று அழுது, ஒரு வாய் குடித்து, என் வேட்டி மேலேயே துப்பினாய். நான் ஒரு காலில் செருப்போடு நின்று குடித்துப் பார்த்தேன். உப்பு. சந்தேகமே இல்லாத உப்பு. அப்படியே முற்றத்தில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். எதற்கென்று தெரியாமலே நீயும் கைதட்டிச் சிரித்தாய். எங்களில் ஒருவருக்கும் அந்தத் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கத் தோன்றவில்லை! தோன்றாது. "ஆய்வகத்தில் எதையும் வாயில் வைக்கக் கூடாது" என்று கரும்பலகைக்கு மேலே கொட்டை எழுத்தில் எழுதி வைத்தவனே நான்தான்.

மறுநாள் முதல் மணிக்கே சுல்தானைப் பிடித்தேன். "டேய், ஒங்க கெணத்துத் தண்ணி உப்புடா" என்றேன். அவன் திகைத்தான். "இல்லியே சார், நல்லாத்தான இருக்கும்" என்று வாங்கி மடமடவென்று குடித்துக் காட்டினான். பொய் இல்லை. பிறந்ததிலிருந்து அதைத்தான் குடித்திருக்கிறான். உப்பு என்றால் அதற்கு மேலே சோற்றில் போடுவது. அவனைப் பொறுத்தவரை நம் தண்ணீரில்தான் ஏதோ குறை. அந்தத் தெருவில் ஒருவருக்கும் தங்கள் தண்ணீர் உப்பு என்று தெரியாது. ரத வீதியில் ஒருவரும் அதைக் குடித்ததில்லை. ஒரே ஊர், நடந்தால் செத்த நேரம்தான்.

பாடத்தை மூடிவைத்துவிட்டு, வகுப்புக்கு வேறு வேலை கொடுத்தேன். உப்பும் வேண்டாம், மணலும் வேண்டாம். ஆளுக்கு நூறு சி.சி., அவரவர் இன்றைக்குக் கொண்டுவந்த பாட்டில் தண்ணீரை மட்டும் கிண்ணத்தில் வற்றக் காய்ச்சுங்கள் என்றேன். "வெறுந்தண்ணியவா சார்? வெந்நீரா போடுறோம்?" என்றான் காதர். கரி அடுப்புகளைப் பற்றவைத்து ஆய்வகமே சமையற்கட்டானது. வற்றிய கிண்ணங்களை ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்தோம். ரத வீதிக் கிண்ணங்களில் துடைத்தால் போகும் ஒரு நிழல். தாடிக்கொம்பு ரோட்டுக் கிண்ணங்களில் சாம்பல் பூத்த மாதிரி ஒரு படலம். மண்டித் தெருக் கிண்ணங்களில் வெள்ளை வெளேரென்று பொருக்கு. பையன்களுக்குக் குஷி தாங்கவில்லை. "ஏலே, ஒங்க தெருவுல பாலாடை கட்டிருக்குடா!" "ஒங்க கிண்ணத்தப் பாரு, மொட்டத் தல!" என்று தெருப் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூவினார்கள். நான் மட்டும் அந்த ஜன்னலைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எந்தத் தெருவில் யார் குடியிருக்கலாம் என்று இந்த ஊர் போட்டு வைத்த கோடு, பீங்கான் கிண்ணங்களில் அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது.

சுல்தான் தன் பொருக்கை நிறுத்தான், முதல் நாள் அவன் ஊற்றியதும் மொத்தம் நூறு சி.சி.தான். பிறகு முதல் நாள் கிடைத்த உப்பிலிருந்து அதைக் கழித்தான். மீதியைக் கணக்குப் போட்டு, சத்தமே இல்லாமல், "தொண்ணூத்தாறுக்கு மேல வருது சார்" என்றான். வகுப்பிலேயே அதுதான் அதிகம். அப்போதுதான் காதரின் நூறும் விளங்கியது. அவன் அலசியது ஒரே தரம், அதனால் கிணற்று உப்பு கொஞ்சமாகச் சேர்ந்தது. அதே அளவு உப்பைத் தரையில் கொட்டினான். போனதும் வந்ததும் சரிக்கட்டி நூறாக நின்றது. சுல்தான் ஒரு பொட்டு விடக் கூடாதென்று அலச அலச, ஒவ்வொரு அலசலுக்கும் கிணறு அவன் கணக்கில் இன்னும் கொஞ்சம் உப்பை ஏற்றியது. கவனமாக வேலை செய்ததால்தான் மாட்டிக்கொண்டான். அப்பு, நீ சுழி போட்ட அந்தப் பையனை நாளைக்கே கூப்பிடு. காய வைத்தாயா என்று கேள். வைத்தேன் என்றால் அவன் சொல்வதை நம்பிக்கொண்டு தேட ஆரம்பி. தாளிலிருந்து ஏதாவது கரைந்ததா, கிண்ணம் ஏற்கெனவே அழுக்கா, தண்ணீர் எந்தக் குழாய், எல்லாம் பார். அவன் ஈர உப்பைத்தான் நிறுத்தான் என்றும் இருக்கலாம், எல்லாப் பயலும் சுல்தான் இல்லை. ஆனால் அதைக் கண்டுபிடித்த பிறகு சுழி போடு. கச்சிதமாக நூறு என்று எழுதியவனை அதைவிடக் கூர்ந்து பார். தப்பு இரண்டு பக்கமும் இருந்தால் நடுவில் நிற்கும் எண் அழகாகத்தான் இருக்கும்.

காதர் "நூறு போச்சே, என் நூறு போச்சே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டு ஆட, மற்றவர்கள் சுல்தானைத் தோளில் தூக்க, சத்தம் கேட்டு ஹெட்மாஸ்டர் வந்துவிட்டார். நான் எதுவும் விளக்கவில்லை. சுல்தானின் பொருக்குக் கிண்ணத்தையும் கணக்குத் தாளையும் அவர் கையில் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எடைக் கட்டிகளைக் குறட்டால் எடுத்து வைத்து அவரே நிறுத்தார். கட்டிகளை மாற்றி மறுபடி நிறுத்தார். தன் கையால் நிறுத்ததை இல்லை என்று சொல்லும் மனுஷர் இல்லை அவர். "கணக்கு சரி" என்றார். "ஆனா காரணம்னு என்ன எழுதுவ?"

"எங்க தெருக் கெணத்துத் தண்ணியில ஏற்கனவே உப்பு இருந்துச்சுன்னு எழுதுவேன் சார்."

அவர் முகம் மாறியது. பள்ளிக் கமிட்டியில் இருந்தவர்களில் ஒருவர் சுல்தானின் அத்தா வேலை பார்த்த மண்டியின் முதலாளி. இன்ஸ்பெக்டர் வந்து ரிக்கார்டைப் புரட்டி எந்தத் தெரு, எந்தக் கிணறு, அதில் எப்படி உப்பு என்று கேட்டால் பதில் மண்டி வாசலில் போய் நிற்கும். "தண்ணி சுத்தமில்லன்னு மட்டும் எழுது. கெணறு, தெரு எல்லாம் எதுக்கு?" என்றார். சுல்தான் ஜன்னலைக் காட்டினான். "எல்லாத் தண்ணியும் அப்டி இல்லியே சார்." பேச்சு மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றது. அந்த நேரத்தில்தான் அவனுடைய அத்தா வந்தார்.

வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் குடை. கூப்பிட்டு அனுப்பியதிலேயே கோபமாக வந்திருந்தார். "வாங்க ராவுத்தரே" என்று ஹெட்மாஸ்டர் நாற்காலியைக் காட்டினார். அவர் உட்காரவில்லை.

"எம்மகன் உப்பக் களவாண்டான்னு சொன்னீகளாமே?"

"அது இல்லேன்னு ஆயிடுச்சு. ஒங்க தெருக் கெணத்துத் தண்ணியில உப்பு இருக்கு, அதுதான் கூடுதலா வந்துருக்குன்னு சொல்றான்."

"எங்க கெணறா? யாரு சொன்னது? நாப்பது வருசமாக் குடிக்கிறேன். எங்க அத்தா வெட்டுன கெணறு சார் அது! தேனு மாதிரித் தண்ணி!"

"அப்ப பையன்தான் உப்பக் கலந்திருக்கணும்."

"எம்மகன் களவாணி இல்ல சார்!"

"ரெண்டுல ஒண்ணுதான ராவுத்தரே இருக்க முடியும்? கெணறு உப்பா இருக்கணும், இல்ல பையன் கலந்திருக்கணும்."

தகப்பன் வெட்டிய கிணறு ஒரு பக்கம், தான் பெற்ற பிள்ளை ஒரு பக்கம். ராவுத்தர் குடையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். நான் இரண்டு டம்ளர் கொண்டுவந்து வைத்தேன், ஒன்றில் அவர் கிணற்றுத் தண்ணீர், ஒன்றில் ஹெட்மாஸ்டர் பானையில் இருந்த குழாய்த் தண்ணீர். முதல் டம்ளரைக் குடித்து, "இது தண்ணி" என்றார். இரண்டாவதைக் குடித்து முகத்தைச் சுளித்து, "இது என்ன சார், சப்புன்னு, சீக்காளிக்கு வடிச்ச கஞ்சித்தண்ணி கணக்கா?" என்றார். ஜன்னலுக்கு வெளியே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த பையன்கள் வெடித்துச் சிரித்தார்கள். ஹெட்மாஸ்டருக்கும் மீசை துடித்தது. ராவுத்தரும் சிரித்துவிட்டார். நான் சுல்தானின் கிண்ணத்தை அவர் முன்னால் வைத்து, "அய்யா, நீங்க மொதல்ல குடிச்ச தண்ணியில இவ்வளவு இருக்கு. பின்னால குடிச்சதுல இது" என்று மொட்டைக் கிண்ணத்தையும் வைத்தேன்.

அவர் விரலால் பொருக்கைத் தொட்டு நாக்கில் வைத்தார். சிரிப்பு அப்படியே நின்றது. யாரிடமோ பேசுகிற மாதிரி மெதுவாகச் சொன்னார்: "தோல அலசுன தண்ணிய ஓடையில விடுவோம். ஓட கெணத்தச் சுத்தித்தான் போகுது." விரலைத் துடைத்துக்கொண்டு, "நாந்தான் சார் அலசுறது. இது நான் போட்ட உப்பு சார்" என்றார்.

அவர் போட்ட உப்பா அது? கூலிக்கு அவர் கை போட்டது, லாபத்துக்கு வேறொருவர் போடவைத்தது. ஆனால் அதைப் பிரசங்கம் செய்யும் இடம் அது இல்லை. ஹெட்மாஸ்டர்தான் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ராவுத்தரே, பையன் இத எழுதுனா முதலாளி காதுக்குப் போகும். அவரு ஏதாச்சும் சொல்லப் போறாரு..."

"அவரு வீட்டுல குழா இருக்கு சார்" என்றார் ராவுத்தர். "அவருக்கு உப்பு எங்க தெரியும்? எழுதட்டும் சார். எம்மகன் எழுதுனாத்தான் தெரியும்."

சுல்தான் ரிக்கார்டை எடுத்து அந்த மேசையிலேயே நின்றபடி எழுதினான். "பிழைக்கான காரணம்: எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீரில் ஏற்கெனவே உப்பு கரைந்திருந்தது. அதைக் கழித்த பின் கணக்கு சரியாக வந்தது." ஹெட்மாஸ்டர் அதை வாசித்தார். பேனா மூடியைத் திருகினார், மறுபடி மூடினார், ஜன்னலில் தொங்கிக்கொண்டிருந்த தலைகளைப் பார்த்து, "ஏலே, மணி அடிச்சு எம்புட்டு நேரமாச்சு, வகுப்பு இல்லையா?" என்று கத்தினார். ஒருத்தனும் நகரவில்லை. கையெழுத்துப் போட்டார்.

முதலாளி சும்மா இருக்கவில்லை. ராவுத்தரை மண்டியைவிட்டு நிறுத்தவில்லை, அந்த வேலைக்கு அவரைவிட்டால் ஆள் இல்லை. கமிட்டியில் என்னைப் பற்றித்தான் நிறையப் பேசினாராம். தெருவுக்குக் குழாய் வர வருடங்கள் ஆயின, நடுவில் ஒரு தேர்தலும் வர வேண்டியிருந்தது. அதைச் சந்தோஷக் கதையாக உனக்கு எழுதமாட்டேன். ஆனால் அந்த வாரமே ஹெட்மாஸ்டர் ஒரு உத்தரவு போட்டார். சாயங்காலம் பள்ளிக்கூடக் குழாயில் தண்ணீர் வரும்போது மண்டித் தெருப் பையன்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகலாம் என்று. பாட்டில் மறுநாள் சொம்பானது, சொம்பு குடமானது, குடங்களோடு அக்காள் தங்கைகளும் வந்தார்கள். ஹெட்மாஸ்டர் வராந்தாவில் நின்று, பிரேயரில் வரிசை நிற்க வைப்பதுபோல "உயரப்படி நில்லுங்க, உயரப்படி!" என்று அதட்டிக்கொண்டிருந்தார். உன் அம்மா அதைப் பார்க்கவே உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தாள். சண்டை எதுவும் இல்லாமல் தண்ணீர் பிடிக்கிறவர்களை அன்றைக்குத்தான் முதலில் பார்க்கிறேன் என்றாள்.

செலக்‌ஷன் லிஸ்டைப் பலகையில் ஒட்டிய அன்று ராவுத்தர் மண்டியிலிருந்து நேராக வந்தார், கையெல்லாம் உப்புப் பூத்திருந்தது. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். அவருக்கு எழுத்துத் தெரியாது. "எது சார் எம்மகன் பேரு?" என்று கேட்டார். நான் காட்டினேன். காகிதத்தில் கறை படும் என்று விரலைச் சற்றுத் தள்ளியே பிடித்து, அந்த எழுத்துகளின் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். கடைசி எழுத்துக்கு வந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

"இம்புட்டு நீளமா சார் அவன் பேரு?"

உன் அப்பா